படப்போகி

மார்கழி முடியும் தறுவாயில் இருந்தது. கொளவாய் ஏரியின் மேல் இறங்கிய பனி, வெயில் ஏறிய பிறகும் எழுந்து போக மனசில்லாமல் கிடந்தது. ரயில் போகும் சத்தம் வரும். ரயில் கண்ணுக்குத் தெரியாது. செங்கல்பட்டு ஜனங்கள் அந்தப் பனியைப் பார்த்தபடி காபி குடித்துக்கொண்டு, தங்கள் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். இது வேண்டும், இது வேண்டாம், இந்த வழுக்கைத் தலை யார், வேண்டாம். ஊர் முழுக்க இதே வேலையாக இருந்தது.

படப்போகி என்பது யாரோ கிண்டலுக்கு வைத்த பேர். சட்டத்தில் இருக்கும் பேர் நீளமானது, வாயில் நுழையாது. விஷயம் இதுதான். ஒரு காலத்தில் நம் ஆட்கள் எதையும் விட்டுவைக்காமல் படம் எடுத்தார்கள். தின்னப் போகிற தோசை, தின்ற தட்டு, தூங்கும் மாமா, கால் கட்டைவிரல். அத்தனையும் எங்கோ ஒரு கிடங்கில் போய் உட்கார்ந்துகொண்டது. கிடங்கு சூடாகும், சூட்டைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும். மழை பொய்த்த வருஷங்களில் தெருவில் குடங்கள் வரிசை கட்டி நிற்க, கிடங்குகள் மட்டும் குளுகுளுவென்று இருந்தன. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். அப்புறம்தான் சட்டம் வந்தது. ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஐந்நூறு படம். போகியன்று நண்பகலில், பெட்டிக்குள் வராததெல்லாம் ஒரேயடியாக அழிந்துவிடும். மாவட்டம் மாவட்டமாக வந்த சட்டம், இந்த வருஷம் செங்கல்பட்டுக்கு வந்திருந்தது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றால், படம் சேமிக்கிற பழைய வட்டுகளைப் படிக்கிற கருவிகளெல்லாம் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டன. காகிதத்தில் அச்சடிக்கலாமே என்றால், காகிதம் விற்கிற விலைக்குக் கல்யாணப் பத்திரிகையே யாரும் அடிப்பதில்லை.

குமரகுரு தன் பெட்டியை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டார். வாழ்நாள் முழுக்க நகராட்சியில் ஊருக்குத் தண்ணீர் விட்ட மனிதர். “குடிக்கிற தண்ணி முக்கியமா, தோசை போட்டோ முக்கியமா?” என்று கேட்டுக்கொண்டே அழித்தார். பெட்டி நிரம்பியதும் குறட்டை விட்டுத் தூங்கினார்.

அவர் மனைவி பிருந்தாவின் பெட்டியில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. எத்தனையோ நாளாக அந்த ஓர் இடம் அப்படியே இருந்தது. அதில் வைக்க வேண்டிய படம் அவளிடம் இல்லை. அவள் கல்யாணத்தில் அவள் அக்கா சுகன்யா நிற்கிற படம் அது. அப்படி ஒன்றை யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் அக்கா வரவில்லை.

சுகன்யா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு மதுராந்தகம் பக்கம் போனவள். “அவ மண்டபத்துல கால வெச்சா நான் எழுந்து போயிடுவேன்,” என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். கொரோனா காலம் வேறு. ஐம்பது பேருக்கு மேல் கூடாதென்று வாசலில் ஆள் நின்று எண்ணினார்கள். முதல் நாள் சாயங்காலம் பிருந்தா மொட்டைமாடிக்குப் போய் அக்காவுக்கு ரகசியமாகப் போன் செய்தாள்.

“நீ வரணும். வரலேன்னா இனிமே எனக்கு அக்கான்னு ஒருத்தி கிடையாது.”

“அப்பா எழுந்து போயிட்டா உன் கல்யாணமே நின்னுடும்டி, பைத்தியம்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ வரணும், அவ்வளவுதான்.”

“பாக்கறேன்,” என்றாள் சுகன்யா.

மறுநாள் மேடையில் இருந்தபடி வாசலையே பார்த்துப் பார்த்து பிருந்தாவுக்குக் கண் பூத்துப்போனது. வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவின் எண்ணைப் போனில் தடுத்து வைத்தாள். கோபம் ஆறட்டும், மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அடுத்த அலையில் சுகன்யா போய்விட்டாள். உடம்பைப் பொட்டலமாகக் கட்டி நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோன காலம் அது. முகம் பார்க்கக்கூட விடவில்லை. அக்கா போன பிறகும் வீம்பு போகவில்லை, அது பிருந்தாவோடு கூடவே கிழவியானது. அவள் அழாமல் இருந்ததற்கு அந்த வீம்புதான் காரணம், அழ முடியாமல் போனதற்கும் அதுதான் காரணம்.

“ஒண்ணு பண்ணு,” என்றார் குமரகுரு. “நம்ம கல்யாணத்துல எடுத்து, வேணாம்னு ஒதுக்கின கழிவுப் படமெல்லாம் அப்படியே கெடக்கு. அத ஒருவாட்டி பாத்துட்டு வந்துடலாம். ஒண்ணும் இல்லேன்னா என் மூஞ்சியப் போட்டு அந்த இடத்த ரொப்பிடு.”

“உங்க மூஞ்சி ஏற்கெனவே நெறைய இருக்கு,” என்றாள் பிருந்தா. ஆனாலும் கிளம்பினாள்.

கிடங்கில் கிடக்கும் படங்களைப் போட்டுக் காட்டும் படச்சாலை, ஏரிக்கரையில் பழைய சரக்குக் கொட்டகையில் இருந்தது. உள்ளே சின்னச் சின்ன இருட்டறைகள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால், எதிரே சுவரில் படங்கள் அவசரமில்லாமல் மிதந்து போகும். நிறுத்த வேண்டுமென்றால் கையைத் தூக்கினால் போதும். பக்கத்து அறைகளில் யாரோ சிரித்தார்கள், யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இவர்களுக்குப் படம் ஓட்டிக் காட்ட வாய்த்தவள் இயல் என்ற முப்பது வயதுப் பெண். தூக்கம் குறைந்த கண்கள், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

“உங்க கல்யாணப் படங்கள அந்தக் காலத்து மெஷின் ரெண்டாப் பிரிச்சிருக்கு ஆன்ட்டி,” என்றாள். “நல்லது கொஞ்சம், கழிவு மலை மாதிரி. அந்த மெஷினுக்கு முகம் தெரியணும், சிரிப்பு தெரியணும். மாஸ்க் போட்டிருந்தா நேரா குப்பைதான்.”

கழிவு மிதந்து வந்தது. பாதி தோள். சுழலும் மின்விசிறி. துணி போர்த்திய நாற்காலிகள், ஆள் இல்லாமல். இலையில் ஒரு ஜாங்கிரி. யாருடையவோ செருப்பு. பிறகு முகக்கவசம் போட்ட கூட்டம். நெற்றிகளும் பொட்டுகளும் மட்டும் தெரிந்தன. எல்லோரும் நீருக்கடியில் நிற்பதுபோல் இருந்தார்கள். தன் கல்யாணம்தானா இது என்று பிருந்தாவுக்குச் சந்தேகம் வந்தது. பட்டுப்புடவை நினைவிருந்தது, புகை நினைவிருந்தது, இந்த நெற்றிகளில் ஒன்றுகூட நினைவில்லை.

சீர்வரிசைப் படம் ஒன்று வந்தது. உலகத்தில் யாருமே இரண்டாம் முறை பார்க்காத படம் உண்டென்றால் அது சீர்வரிசைப் படம்தான். நீள மேஜையில் குடம், தவலை, அண்டா, குத்துவிளக்கு, தட்டுத் தட்டாகப் பழம். பின்னால் வரிசையாக முகக்கவசப் பெண்கள். கோடியில் ஒருத்தி, பச்சைச் சேலை, கையில் ஒரு எவர்சில்வர் குடத்தோடு குனிந்துகொண்டிருந்தாள்.

“இந்த மாதிரிப் படத்துக்குத்தான் மறுபார்வை,” என்றாள் இயல். “மாஸ்க்கக் கழட்டி, கண்ணத் தொறந்து, வெளிச்சத்தச் சரி பண்ணிக் குடுக்கும். பாக்கறீங்களா?”

பிருந்தா தலையசைத்தாள். படத்தின் மேல் ஒரு ஈரம் ஓடியதுபோல் இருந்தது. முகக்கவசங்கள் கரைந்தன. பெரிய அத்தை வந்தாள். காஞ்சிபுரம் சித்தி வந்தாள், அந்தச் சிங்கப்பல்லோடு. குடங்களும் தவலைகளும் அப்போதுதான் கழுவிக் கவிழ்த்தவைபோல் பளிச்சென்று மின்னின. கோடியில் குனிந்திருந்த பச்சைச் சேலைக்காரி லேசாகத் தலைதூக்கிச் சிரித்தாள்.

சுகன்யா.

பிருந்தாவுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய்ச் சுவரைத் தொட்டாள். சுவர் சில்லென்றிருந்தது. “என்னங்க, அக்கா,” என்றாள். “என்னங்க, அக்கா வந்திருக்கா.” குமரகுரு எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மைத்துனியை நேரில் பார்த்திராத அவருக்கு முகம் பிடிபடவில்லை. மனைவியின் தோள் நடுங்குவது மட்டும் தெரிந்தது.

இயல் கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். வாடிக்கையாளர் அழுதால் படம் எடுபட்டது என்று அர்த்தம், அவளுக்கு அதில் கூடுதல் காசு. ஆனாலும் சொன்னாள்.

“ஆன்ட்டி, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும். மெஷின் முகத்தக் கண்டுபிடிக்கல. ஊகிக்குது. மாஸ்க்குக்குக் கீழ என்ன இருந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? உங்க பெட்டியில இருக்கற முகங்கள்லருந்து, பொருந்தற மாதிரி ஒண்ண எடுத்து வெக்கும்.”

“எங்க அக்கா நெத்திம்மா அது.”

“இருக்கலாம். அவங்க பழைய படம் உங்க பெட்டியில இருக்கா?”

இருந்தது. பள்ளிக்கூடச் சீருடையில் ஒன்று, கோயில் குளத்தங்கரையில் ஒன்று.

“அத ஒதுக்கி வெச்சிட்டு ஓட்டிக் காட்டறேன். பாருங்க.”

மறுபடி ஈரம் ஓடியது. அத்தையும் சித்தியும் மாறவில்லை. பச்சைச் சேலைக்காரி தலைதூக்கினாள். இப்போது அது பிருந்தாவின் முகம். தன் கல்யாணத்துக்குத் தானே குடம் தூக்கிக்கொண்டு வந்து, தானே சிரித்தாள்.

“உங்களையும் ஒதுக்கறேன்,” என்றாள் இயல். மூன்றாவது முறை தலைதூக்கியவள் முன்பின் பார்த்திராத ஒரு பெண். அவளும் அதே அளவு அன்போடு, அதே சிரிப்பைச் சிரித்தாள்.

“எல்லாரும் முதல்ல வர்றதயே வெச்சுக்கறாங்க,” என்றாள் இயல் மெதுவாக. “நான் சொன்னாலும் கேக்கறதில்ல. போன வாரம் ஒருத்தர், சண்டை போட்டுப் பிரிஞ்ச தம்பிய ஒரு வேட்டிக்காரர் மேல ஏத்திட்டுப் போனாரு. ஒரு அம்மா, புருஷன் வீட்டு ஆளுங்க யாருமே வரலேன்னு நாற்பது வருஷமா அழுதவங்க, எல்லாரையும் வரவெச்சுட்டாங்க. தப்புன்னு எப்படிச் சொல்றது? சந்தோஷமாத்தான் போறாங்க. இப்போ இந்த ஊர்ல எல்லாக் கல்யாணத்துக்கும் எல்லாரும் வந்துட்டாங்க ஆன்ட்டி. யாரும் யாரையும் விட்டுட்டுப் போகல. இருபது வருஷம் கழிச்சு எதப் பாத்து எது நடந்துச்சுன்னு சொல்லுவாங்களோ, எனக்குத் தெரியல.”

முதல் படத்தைத் தற்காலிகமாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, பிருந்தா வீட்டுக்கு வந்தாள். பனியில் பாதை தெரியவில்லை. குமரகுரு கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

போகிக்கு முன்தினம், ஊர் வழக்கப்படி பரணிலிருந்து பாத்திரங்கள் எல்லாம் கீழே இறங்கின. உலகம் எங்கெங்கோ போய்விட்டது, ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறை பரணைக் காலி பண்ணாவிட்டால் நம் ஆட்களுக்குப் பொங்கல் பொங்காது. முற்றத்தில் உட்கார்ந்து பிருந்தா புளி போட்டுத் தேய்த்தாள். குமரகுரு கழுவித் துடைத்து வெயிலில் கவிழ்த்தார்.

“அந்தப் படத்தயே வெச்சுக்கயேன்,” என்றார். “யாருக்கு என்ன நஷ்டம்? பாக்கறப்போ உனக்கு நிம்மதியா இருக்கும்.”

“அவ வரலேன்னா?”

“வந்ததா நெனச்சுக்க.”

“அவ வரலேன்னா, வந்த மாதிரி நான் ஜோடிச்சா, அவகிட்ட சண்டை போட்ட பொம்பளையும் நான்தான், சமாதானம் ஆன பொம்பளையும் நான்தான்னு ஆயிடும். அவ எங்க இருக்கா அதுல?” பிருந்தா தவலையை நங்கென்று வைத்தாள். “திட்டறதுன்னாலும் எனக்கு அவ வேணும்ங்க. மெஷின் சிரிக்குது. எங்கக்கா அப்படிச் சிரிக்கவே மாட்டா.”

குமரகுரு தவலையை எடுத்து ஓரமாகக் கவிழ்த்தார். அடுத்த அண்டாவைக் கழுவி அவள் முன்னால் வைத்தார். பிருந்தா அதன் வயிற்றில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

“ஆரம்பிச்சுட்டா,” என்றார் அவர். “வருஷா வருஷம் இதே கூத்து. பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் பாத்திரத்துக்குப் பழிப்புக் காட்டறே.”

“சின்ன வயசுப் பழக்கம். தெருக்குழாயில தண்ணி புடிக்கப் போவோம்ல, நானும் அக்காவும். குடத்துக்கிட்ட குனிஞ்சு, மூக்க ஒட்டி, நாக்க நீட்டறது. குடத்துல மூஞ்சி இம்மாம் பெருசாத் தெரியும். யாரு மொதல்ல சிரிக்கறாங்களோ அவங்க தோத்தாங்க. தோத்தவங்கதான் குடத்தத் தூக்கணும். எப்பவும் நான்தான் தோப்பேன். அவ நாக்கு மூக்கத் தொடும்ங்க, எப்படிச் சிரிக்காம இருக்கறது?”

சொல்லும்போதே அவள் கை அடுத்த பாத்திரத்துக்குப் போயிருந்தது. கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள் ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருந்தது. அன்பளிப்பு அத்தை, அன்பளிப்பு சித்தப்பா, அன்பளிப்பு மாமா குடும்பத்தார். பேர் இல்லாமல் ஒரு டம்ளரைக்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தவன் பேர் தெரியாவிட்டால் கொடுத்து என்ன பிரயோஜனம்? ஒரே ஒரு குடத்தில் மட்டும் பேர் இல்லை. யார் வைத்தது என்று அப்போதே யாருக்கும் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டதற்கு, “யாரோ வெச்சாங்க, எடுத்துட்டுப் போ,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்டுக்கூலிக்கு யோசித்தவன் எவனோ என்று, அந்த வீட்டில் அதற்குக் கஞ்சன் குடம் என்று பேர். இத்தனை வருஷமாக அரிசி போட்டு வைத்தது அதில்தான்.

பிருந்தா தேய்ப்பதை நிறுத்தினாள். புளித்தண்ணீர் முழங்கையில் வழிந்தது.

“என்னங்க. அந்தப் பச்சப் பொடவ கையில என்ன வெச்சிருந்தா?”

“குடம்.” குமரகுரு துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் கஞ்சன் குடத்தைப் பார்த்தார்கள்.

அதற்குள் பொழுது சாய்ந்து படச்சாலையை மூடியிருந்தார்கள். போகியன்று விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினார்கள். தெருவெல்லாம் பழைய பாயும் துடைப்பமும் எரிந்துகொண்டிருந்தன. புகையும் பனியும் கலந்து எது எதுவென்று தெரியவில்லை. எங்கோ பிள்ளைகள் மேளம் கொட்டினார்கள். சத்தம் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குமரகுரு சால்வையால் காதைக் கட்டியிருந்தார். கையில் ஒரு பை, பைக்குள் குடம். எதற்குக் குடம் என்று அவர் கேட்கவில்லை.

படச்சாலையில் கோயில் திருவிழாக் கூட்டம். கடைசி நேரத்தில் மனம் மாறியவர்கள், அழித்ததைத் திரும்பக் கேட்பவர்கள், சும்மா உட்கார்ந்து அழுபவர்கள். இயல் இவர்களைப் பார்த்ததும் கை காட்டி உள்ளே அழைத்தாள்.

“மறுபார்வை வேணாம்மா,” என்றாள் பிருந்தா. “அந்த மேஜைய எடுத்த படம் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு இருக்குமே? ஒண்ணும் பண்ணாம, இருக்கற மாதிரியே காட்டு.”

முந்தைய படம் வந்தது. அதே மேஜை. பாத்திரங்கள் ஒவ்வொன்றிலும் மஞ்சளும் குங்குமமும், அம்மா கைப்பட வைத்தது. கோடியில் தவலைக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே ஒரு இடைவெளி. பச்சைச் சேலை இல்லை.

அடுத்து, முகக்கவசத்தோடு அவள் குடத்தைத் தூக்கிக் குனியும் படம். அதைத்தான் பார்த்தாயிற்று.

அதற்கடுத்த படத்தில் இடைவெளி நிரம்பியிருந்தது. புதுக் குடம். அதில் மஞ்சள் இல்லை, குங்குமம் இல்லை. பச்சைச் சேலைக்காரி அதன் முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள். பின்னல் ஒரு பக்கமாகச் சரிந்திருக்க, மறுபக்கத் தோளுக்கு மேலே குடத்தின் வயிறு தெரிந்தது. எந்த மெஷினும் வேண்டாமென்று தள்ளுகிற படம். முகமே இல்லை, முதுகு மட்டும்.

“வெச்சாச்சு, அப்புறம் எதுக்குக் குனியறா?” என்றாள் பிருந்தா. “அந்தக் குடத்துகிட்டப் போம்மா. இன்னும் கிட்ட. இன்னும்.”

குடத்தின் வயிறு சுவரை நிறைத்தது. அதில் மண்டபம் முழுக்க வளைந்து கிடந்தது: விளக்குகள், தூண்கள், தூரத்தில் கேமராவோடு ஒரு மனிதன், அதற்கும் அப்பால் மணமேடை, அதில் நகத்தளவு சிவப்பாக ஒரு மணப்பெண். எல்லாவற்றுக்கும் முன்னால், குடத்தை முட்டுகிற மாதிரி, ஒரு முகம். மூக்கு பூசணிக்காய் அளவுக்குப் பெருத்திருந்தது. கண்கள் இரண்டும் காதுப்பக்கம் ஓடியிருந்தன. முகக்கவசம் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. நாக்கு வெளியே நீண்டு, மேலே மடிந்து, மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பிருந்தா சிரித்துவிட்டாள். அடக்க முடியவில்லை, பொங்கிக்கொண்டு வந்தது. பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். “தோத்துட்டேன்,” என்றாள். “தோத்துட்டேன்டி. நான்தான் மொதல்ல சிரிச்சேன்.” அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, அக்கா செத்த அன்றைக்கு அழ வேண்டியதை எல்லாம் அழுதாள். குமரகுரு சால்வையை அவிழ்த்து அவளிடம் கொடுத்தார். அவருக்கும் மூக்கைத் துடைக்க ஒன்று வேண்டியிருந்தது. சட்டைக் கையால் சமாளித்துக்கொண்டார்.

“இது அன்னிக்கு போட்டோவுலயே இருந்ததா?” என்று அவர் இயலைக் கேட்டார். “மெஷின் வெச்சது இல்லையே?”

“மெஷின் இதத் தொடவே இல்ல அங்கிள். இது அன்னிக்கு விழுந்த வெளிச்சம்.” இயலின் குரல் இறங்கியிருந்தது. “மறுபார்வையில போட்டதும் இதெல்லாம் போயிடும். பாத்திரத்துல தெரியற நெளிஞ்ச முகமெல்லாம் அதுக்கு அழுக்குக் கணக்கு. தொடச்சுப் பளபளன்னு ஆக்கிடும்.” கொஞ்சம் யோசித்தாள். “பின்வழியா சமையல் ஆளுங்களோட வந்திருப்பாங்க. அவங்கள வாசல்ல எண்ண மாட்டாங்க.”

“அப்பாவும் எழுந்து போகல. என் கல்யாணமும் நிக்கல. அவ வந்துட்டும் போயிட்டா.” பிருந்தா கண்ணைத் துடைத்தாள். “பின்னாடி போட்டோக்காரர் நிக்கறது அவளுக்குத் தெரியும்ங்க. ஆல்பத்துல நான் பாப்பேன்னு நெனச்சிருக்கா. பாத்துட்டு மறுநாளே போன் போட்டுத் திட்டுவேன்னு நெனச்சிருக்கா. சீர்ப் படத்த எவ பாக்கறா?”

வெளியே மேளச் சத்தம் நெருங்கி வந்து விலகிப் போனது.

“இதத்தான் வெக்கணும் பெட்டியில,” என்றாள் பிருந்தா.

“அந்த முகத்த மட்டும் தனியா எடுத்து, நேராக்கித் தரட்டுமா ஆன்ட்டி? இதே முகம்தான், ஊகம் இல்ல. வளைவ மட்டும் நிமித்தலாம். இல்லேன்னா பாக்கறவங்களுக்கு முதுகுதான் தெரியும், யாருன்னே புரியாது.”

“தொடாதம்மா. எனக்குப் புரியுது. போதும்.”

“அந்தச் சிரிக்கற படம்?”

“அவ யாரோ,” என்றாள் பிருந்தா. “அனுப்பிடு.”

நண்பகலில் நகராட்சிச் சங்கு ஊதியது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஊரார் எடுத்த தோசைகளும் கட்டைவிரல்களும் கண்மூடிய மாமாக்களும், பச்சைச் சேலையில் சிரித்த மூன்று பெண்களும், ஏரிக்கரையில் யாருக்கும் தெரியாமல் போனார்கள். பனி விலகியிருந்தது. குமரகுருவும் பிருந்தாவும் கரையோரம் நின்றார்கள். ஒரு ரயில், சத்தத்தோடு கூட உருவமும் கொண்டு, தண்ணீர் ஓரமாகப் போனது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் குடத்தை அவள்தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவர் கேட்டும் கொடுக்கவில்லை.

பொங்கல் கழிந்து கடை திறந்ததும் பஜாருக்குப் போனாள். பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டுகிறவர் உட்கார்ந்திருந்தார். எல்லாக் கருவியும் மாறிவிட்ட உலகத்தில் பேர் வெட்டும் கருவி மட்டும் மாறவில்லை. அதே கர்ர்ர் சத்தம், அதே பல் கூச்சம். அவர் குடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பழைய குடமா இருக்கேம்மா. இப்பப் போயி பேரா? யாருக்குக் குடுக்கறீங்க?”

“எனக்கு வந்தது.”

“யாரு குடுத்தது?”

“அன்பளிப்பு, சுகன்யா அக்கான்னு போடுங்க.” தன் கல்யாணத் தேதியையும் சொன்னாள்.

அவர் கையை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “இவ்ளோ வருஷம் கழிச்சா?”

“இப்பத்தான் வந்து சேந்துச்சு,” என்றாள் பிருந்தா.

கருவி கர்ர்ரென்று ஓடியது. புள்ளி புள்ளியாக எழுத்து விழுந்தது. முடித்து, துணியால் துடைத்து, எழுத்து சரியா பாருங்கள் என்று நீட்டினார். பிருந்தா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். எழுத்துக்குப் பின்னால், குடத்தின் வயிற்றில், பெரிய மூக்கோடு ஒரு கிழவி அவளைப் பார்த்தாள். பிருந்தா இன்னும் கொஞ்சம் நெருங்கி, நாக்கை முழுசாக நீட்டி, மூக்கைத் தொடப் பார்த்தாள். எட்டவில்லை.

பேர் வெட்டுகிறவர் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.